மொட்டைப் பெயர்

கல்யாணப் பத்திரிகையில் ஒரு ‘திரு’ விட்டுப்போனதற்காக ஒருவர் என் கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட்டு உடைக்கப் பார்த்தார். மலைமேலே மூஞ்சிக்கல்லில் நான் டி.டி.பி. கடை வைத்த புதிது. அவர் மணப்பெண்ணுக்குத் தாய்மாமன். மற்ற எல்லாப் பெயருக்கும் முன்னால் ‘திரு’ இருக்க, அவர் பெயர் மட்டும் மொட்டையாக நின்றது. பெண் வீட்டார் எழுதிக் கொடுத்ததே அப்படித்தான், ஆனால் அகப்பட்டவள் நான். மனிதர் கல்யாணத்துக்கு வந்தார், செய்ய வேண்டிய முறையைச் செய்தார், பந்தியில் உட்காராமல் மலையிறங்கிப் போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டன. இன்றைக்கும் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெறும் பெயரை வைத்துக்கொண்டு வாழத் தெரியாது. முன்னால் ஒன்று வேண்டும், பின்னால் ஒன்று வேண்டும். முன்னால் அருட்பணி, அருட்சகோதரி, திருவாளர், திருமதி. பின்னால் எம்.ஏ., பி.எட்., அதற்கும் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘ஓய்வு’. வேலைக்குப் போகும்போது ஒழுங்காகப் போகாதவர்கள்கூட ஓய்வை விடாமல் போடச் சொல்வார்கள். ஜெனி என்கிற என் பெயருக்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றும் கிடையாது. கடைக்காரிக்கு எதற்கு?

இப்படிப்பட்ட ஊரில், பெயருக்கு முன்னால் இருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு நடமாடுகிறவர் ஆக்ஸிலியா அக்கா. நாயுடுபுரத்துக்காரர். அப்பா மிஷன் பங்களாவில் சமையல்காரராக இருந்து, மகளுக்கு விவரம் தெரியும் முன்பே இறந்துபோனவர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு மடத்தில் சேர்ந்து, அருட்சகோதரி ஆக்ஸிலியா ஆனார். தமிழில் எம்.ஏ. படித்தார், மொழியியலில் ஒரு பட்டயம் வாங்கினார், கீழே சமவெளியில் ஊர் ஊராகப் போய்த் தமிழ் சொல்லிக் கொடுத்தார். இருபது வருடத்துக்கு மேல் அப்படி இருந்தவர், ஒருநாள் காலை சாதாரணக் கைத்தறிச் சேலையில் பஸ்ஸை விட்டு இறங்கினார்.

காரணம் எளிமையானது. அம்மா கித்தேரியம்மாளுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. தம்பி அருள்பிரகாஷ் திருப்பூரில் இருக்கிறான். வீட்டில் இடம் பத்தாது என்று சொல்லிவிட்டான். மாற்றிப் படுக்க வைக்கவும் மலஜலம் எடுக்கவும் ஆள் வேண்டும். அக்கா மடத்தில் விடுப்புக் கேட்டார், கொடுத்தார்கள். நீட்டிக்கக் கேட்டார், நீட்டித்தும் கொடுத்தார்கள். அதற்கு மேல் சபைச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஒன்று திரும்பி வர வேண்டும், இல்லையென்றால் துறவற வார்த்தைப்பாட்டிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். அக்கா மடத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு விலகிக்கொண்டார்.

இதை நம்புவதற்கு ஊருக்கு என்ன தலையெழுத்தா? வட்டக்கானலில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கும் எவனோ ஒருவனோடு சிநேகிதம் என்றார்கள். அந்த ஆளை யாரும் பார்த்ததில்லை. பார்க்காததால் கதை நன்றாகவே வளர்ந்தது. ஒரு மாதம் அவன் மலையாளியாக இருந்தான், அடுத்த மாதம் இஸ்ரேல்காரன் ஆனான்.

அக்காவை எப்படிக் கூப்பிடுவது என்பது அடுத்த பிரச்சினை. எதிரில் வந்தால் பழக்கதோஷத்தில் “சிஸ்...” என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, “என்னங்க, நல்லா இருக்கீங்களா?” என்று முடிப்பார்கள். முதுகுக்குப் பின்னால் அந்தச் சங்கடம் இல்லை. மாஜி மந்திரி என்பதுபோல ‘மாஜி சிஸ்டர்’ என்றார்கள். கொஞ்ச நாளில் அதிலும் பாதியை விட்டுவிட்டு ‘மாஜி’ என்று மட்டும் சொன்னார்கள். பால் வாங்கப் போனால் “மாஜி போகுது பாரு” என்று பின்னால் சிரிப்பு கேட்கும். அக்காவுக்கும் அது கேட்கும். காது நல்ல காது.

ஊரை விடுங்கள். ஊர் யாரைத்தான் விட்டது? கித்தேரியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபதைத் தாண்டியவர், ‘சொன்னார், செய்தார்’ என்று ‘ர்’ போட்டுத்தான் எழுத வேண்டும். நான் போட மாட்டேன்.

மகள் மடத்தில் இருந்த காலம் முழுக்கக் கித்தேரியம்மாளுக்குக் கித்தேரியம்மாள் என்று பெயரே கிடையாது. ‘சிஸ்டரம்மா’ என்பார்கள். கோயிலில் முன்வரிசையில் இடம். சலேத் மாதா திருவிழாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். கறிக்கடையில்கூட அவளுக்கு வரிசை இல்லை, “சிஸ்டரம்மாவுக்கு முதல்ல போடு” என்பார்கள். பெற்ற மகள் வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்தால், “வாங்க சிஸ்டர், உக்காருங்க சிஸ்டர், சாப்பிடுங்க சிஸ்டர்” என்றுதான் பேசுவாள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அது வழக்கம்தான். ஆனால் இவள் அந்த ‘ங்க’வைத் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்லுவாள்.

மகள் சேலையில் வந்து வாசலில் நின்ற அன்றைக்கு, படுக்கையில் கிடந்தபடி கித்தேரியம்மாள் கேட்ட முதல் கேள்வி, “சிஸ்டர் எங்க?”

“நான்தாம்மா. இனிமே இங்கதான் இருக்கப்போறேன். உன்னப் பாத்துக்கிறதுக்கு.”

“நான் கேட்டேனா? வாய் விட்டு ஒரு வார்த்தை கேட்டேனா?”

வாதம் கையையும் காலையும் இழுத்துக்கொண்டு போனதே தவிர, நாக்கைத் தொடவில்லை. புத்தியும் கத்திபோல இருந்தது. அன்றைக்கு மூடிய வாய்தான், அதற்குப் பிறகு மகளை அவள் எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. ‘சிஸ்டர்’ போயிற்று. ‘ஆக்ஸிலியா’ வரவில்லை. ‘டீ’ போட்டுக்கூடக் கூப்பிடவில்லை. எதுவாவது வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுச் சண்முகவள்ளியையோ, நான் போயிருந்தால் என்னையோ பார்த்துச் சொல்லுவாள்.

“அதத் தண்ணி எடுத்துட்டு வரச் சொல்லு.”

“அது துணி அலசுச்சா இல்லையான்னு கேளு.”

அக்கா அங்கேயேதான் நிற்பார். மகள் அலசிய துணியில் படுத்துக்கொண்டு, மகள் ஊட்டிய சோற்றை மென்றுகொண்டு, மகளை ‘அது’ என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா முகத்தில் ஒன்றும் தெரியாது. “அவங்களுக்கும் முன்வரிசை போச்சுல்ல ஜெனி” என்பார்.

அப்சர்வேட்டரிக்குப் போகிற வழியில் ஒரு மொழிப் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே இயக்குநர் ஆக்னல் ஃபாதர். கிளாவரை மாதிரியான மேல்மலை ஊர்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வாசிப்புப் புத்தகம் தயாரிக்கிற தொண்டர்களுக்கு அங்கே பயிற்சி கொடுக்கிறார்கள். ஒரு சொல் எப்படிக் கட்டப்படுகிறது, அதன் முன்னால் என்ன சேரும், பின்னால் என்ன சேரும் என்று விளக்குகிற ஆங்கிலக் கையேடு ஒன்று அவர்களிடம் இருந்தது. தமிழில் வேண்டும். மொழியியலும் தமிழும் தெரிந்த ஆள், கூப்பிட்டால் வருகிற ஆள், மலைமேலே அக்காவை விட்டால் வேறு யார்? ஃபாதர் கூப்பிட்டார், அக்கா ஒத்துக்கொண்டார். அம்மா தூங்குகிற நேரமெல்லாம் எழுதினார். கையால் எழுதி என்னிடம் கொண்டுவருவார், நான் தட்டச்சு செய்வேன்.

அந்த வேலையில்தான் எனக்கு ‘ஒட்டு’ என்கிற சொல் பழக்கமானது. சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிற துண்டுக்கு ஒட்டு என்று பெயர் வைத்தார் அக்கா. முன்னால் ஒட்டினால் முன்னொட்டு, பின்னால் ஒட்டினால் பின்னொட்டு. அது தேர்தல் சமயம். தெருவெல்லாம் ஒலிபெருக்கி ஓட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, என் விரலும் கெட்டுப்போய் ‘பின்னோட்டு’ என்றே அடிக்கும். அக்கா சிவப்புப் பேனாவால் சுழித்து, “நம்ம யாருக்கும் ஓட்டுக் கேக்கல ஜெனி” என்று ஓரத்தில் எழுதி அனுப்புவார். அவர் சிரித்தது அந்த ஓரங்களில்தான்.

கலைச்சொற்களைச் சரிபார்க்க ஃபாதர் ஒரு குழு போட்டார். குழுவென்றால் ஃபாதர், அக்கா, அப்புறம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அருளப்பன் சார். திருத்தத்தை அங்கேயே போட்டுக்கொடுக்க லேப்டாப்போடு நானும் போவேன். அருளப்பன் சார் ஒரு வரிகூட மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்த்ததைப் பார்த்து வருத்தப்படுவது அவர் சோலி.

“விகுதின்னு ஒரு நல்ல சொல் நம்மகிட்டக் கெடக்கும்போது, பின்னொட்டுன்னு எதுக்கும்மா புதுசா?”

“விகுதி வேற சார். ‘வந்தாள்’ல ‘ஆள்’ விகுதி. ஆனா ‘மரத்தை’ன்னு சொல்றப்ப ‘அத்து’ சாரியை, ‘ஐ’ உருபு. அதுகளும் பின்னாலதான் ஒட்டுது. எல்லாத்துக்கும் பொதுவா ஒரு பேரு வேணும்ல.”

“அப்ப முன்னொட்டு? அதுக்கு உபசர்க்கம்னு அழகான பேரு இருக்கே.”

“அது வடமொழிக் கணக்கு சார். நம்ம தொண்டருங்க அதை உபசொர்க்கம்னு வாசிச்சுருவாங்க.”

ஃபாதர் சிரித்துவிட்டார். அருளப்பன் சாருக்கு முகம் சுருங்கியது. அவர் இதையெல்லாம் மறக்கிற ஆள் இல்லை.

வினைமுற்றின் விகுதிகளைக் காட்ட அக்கா ஓர் அட்டவணை போட்டிருந்தார். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. ‘வந்தது’க்கு மாடு, மழை என்று உதாரணம் கொடுத்துவிட்டு, கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: ‘வீட்டு மனிதரையும் சிலர் இவ்விகுதியால் குறிப்பதுண்டு.’ அருளப்பன் சார் அதை ஒரே கோட்டில் அடித்துவிட்டார். “இலக்கணத்துல இது கெடையாது” என்றார். அக்கா அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

பிறகு ‘மாஜி’ வந்தது. ஆங்கிலத்தில் ஒரு பதவிக்கு முன்னால் ‘எக்ஸ்’ போட்டால் அந்தப் பதவி போய்விட்டது என்று அர்த்தம். அதற்குத் தமிழ் உதாரணம் கேட்டது கையேடு. அக்கா மூடி மறைக்காமல் ‘முன்னாள் தலைவர், மாஜி மந்திரி’ என்று எழுதியிருந்தார். ஃபாதர் உரக்க வாசித்துக்கொண்டு வந்தவர், அந்த இடத்தில் நின்று உதட்டைக் கடித்தார்.

அருளப்பன் சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “மந்திரிய எதுக்கும்மா இழுக்குற? உதாரணம் இங்கனயே உக்காந்திருக்கே.”

ஃபாதருக்குச் சிரிப்பு பீறிட்டது. இருமுவதுபோல நடித்தார். டீ கொண்டுவந்தவர்கூடத் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா தாளைப் பார்த்தபடி, “மந்திரின்னா எல்லாருக்கும் வெரசா புரியும் சார். அடுத்த சொல்லுக்குப் போலாமா?” என்றார். காதுமடல் மட்டும் சிவந்திருந்தது. அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரையும் அறைய வேண்டும்போல இருந்தது எனக்கு.

திரும்பி நடக்கும்போது கேட்டேன். “எதுக்குக்கா இந்தப் பொழப்பு? தூக்கிப் போட்டுட்டு வந்துருங்க.”

“முடியாது ஜெனி. புஸ்தகத்துல என் பேரு வரணும்.”

“வந்து என்ன ஆகப்போகுது?”

அப்போதுதான் சொன்னார். மையத்தில் வேலை கிடைத்த அன்று அம்மாவிடம் போய் விஷயத்தைச் சொல்லி, “ஒருதரம் பேரச் சொல்லிக் கூப்பிடும்மா” என்று கேட்டிருக்கிறார். கித்தேரியம்மாள் சுவரைக் கையால் காட்டினாள். சுவரில் வார்த்தைப்பாட்டு நாள் அட்டை, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியது. ‘அருட்சகோதரி ஆக்ஸிலியா’ என்று பொன்னிற எழுத்து. அன்றைக்கு அதிசயமாக, நேராக மகளைப் பார்த்தே பேசியிருக்கிறாள்.

“அது அச்சுல வந்த பேரு. அந்தப் பேருல கூப்பிட்டேன். இன்னொரு பேரு அச்சுல வரட்டும். அதுல கூப்பிடுறேன்.”

அக்கா அதைச் சத்தியம்போலப் பிடித்துக்கொண்டுவிட்டார். நாற்பத்தாறு வயதில், இவ்வளவு படித்தவர், அம்மா வாயிலிருந்து தன் பெயர் ஒருமுறை வர வேண்டும் என்பதற்காக, ஒரு புத்தகத்தையே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். “டீ போட்டுக் கூப்பிடணும்னு இல்ல. பேரச் சொன்னாப் போதும்” என்றார். ஏழு ரோட்டில் சீசன் கூட்டம் ஹாரன் அடித்துத் தள்ளியது.

வேலை முடிந்தது. கடைசிப் படியைச் சரிபார்க்கக் குழு மறுபடியும் கூடியது. உள்தலைப்புப் பக்கத்தில் நான் ‘தமிழில்: ஆக்ஸிலியா’ என்று நடுவில் போட்டிருந்தேன். அக்கா கேட்டபடி முன்னால் ஒன்றுமில்லை, பின்னால் ஒன்றுமில்லை.

ஃபாதர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “என்ன இது, மொட்டையா நிக்குது?”

“அப்படியே இருக்கட்டும் ஃபாதர்” என்றார் அக்கா.

“அது எப்படிங்க? எனக்கு அருட்பணின்னு இருக்கு. சாருக்குத் திருன்னு இருக்கு. உங்களுக்கு மட்டும் ஒண்ணும் இல்லன்னா மரியாதையா இருக்காதே.” உண்மையாகவே கவலைப்பட்டார். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

“செல்வி போட்டுரலாமா?” என்றார் ஃபாதரே.

“இந்த வயசுலயா? வாசிக்கிறவன் கல்யாணப் பொண்ணுன்னு நெனச்சுக்கப்போறான்” என்றார் அருளப்பன் சார். “திருமதின்னா வீட்டுக்காரர் யாருன்னு கேப்பாங்க. அதுக்கு நாம எங்க போறது?”

“அருட்சகோதரி போடலாமான்னு மடத்து மதர்கிட்டப் போன் பண்ணிக் கேட்டேன். கூடாதுன்னுட்டாங்க. அவங்க சொல்றதும் நியாயம்தான்” என்றார் ஃபாதர்.

எனக்குப் பொறுக்கவில்லை. “திருமிகு போடுங்க ஃபாதர். ஆம்பள பொம்பள எல்லாருக்கும் போடலாம். எத்தன அழைப்பிதழ்ல நான் போட்டிருக்கேன்.”

“எல்லாருக்கும் ஒண்ணு, இவங்களுக்கு மட்டும் வேற ஒண்ணா? ஏன்னு கேள்வி வரும். கேள்வி வந்தா பழைய கதையெல்லாம் வரும். இவங்களுக்குத்தான் அசிங்கம்” என்றார் அருளப்பன் சார். அக்கறை வழிந்தது பேச்சில்.

அக்கா எழுந்து நின்றுவிட்டார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கெஞ்சினார். “எனக்கு ஒரு மரியாதைக் குறைவும் இல்ல ஃபாதர். பேருதான் கேக்குறேன். ஆக்ஸிலியான்னு இருந்தாப் போதும். முன்னாடி ஒண்ணும் வேண்டாம். எழுதிக் கையெழுத்துப் போட்டு வேணாலும் தர்றேன்.”

“உக்காருங்க, உக்காருங்க. உங்க மரியாதைக்காகத்தான நாங்க இவ்வளவு யோசிக்கிறோம்? மொட்டையா போட்டு உங்கள அவமானப்படுத்த எனக்கு மனசு வரல.” கொஞ்சம் யோசித்துவிட்டு ஃபாதர் மிகுந்த நிம்மதியோடு முடிவு சொன்னார். “மொழிபெயர்ப்புக் குழுன்னு போட்டுரலாம். அதுல எல்லாரும் அடங்கிருவோம்ல?”

குழுவென்றால் உறுப்பினர் பெயர் வேண்டும் என்றார் அருளப்பன் சார். வேண்டும்தானே! அதற்குக் கீழே இரண்டு பெயர் வந்தது. அருட்பணி ஆக்னல். திரு அருளப்பன், எம்.ஏ., பி.எட்., அடைப்புக்குறிக்குள் ஓய்வு. மரியாதை கொடுக்க முடியாத பெயர் என்பதால் மூன்றாவது பெயர் போடப்படவில்லை. இவ்வளவு மரியாதையாக ஒரு மனிதரை ஒழித்துக்கட்டியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

என் கையால்தான் அந்த வரியை அழிக்க வேண்டியிருந்தது. நான் ஃபாதரைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அக்காதான், “அழிச்சுரு ஜெனி, நேரமாகுது” என்றார். அழித்தேன். போகும்போது ஏதோ ஒரு பக்கத்தில் ‘பின்னோட்டு’ என்று இன்னும் ஒன்று தப்பிப்போயிருப்பதைக் கண்டுபிடித்து, அதையும் திருத்தச் சொன்னார். மனம் விட்டுப்போனவர் அதை அப்படியே விட்டிருக்கலாம். அக்கா விடவில்லை.

புத்தகம் திண்டுக்கல்லில் அச்சாகி வந்தது. வழவழப்பான அட்டை, நல்ல கட்டு. பெரிய கூட்டம் போட்டு வெளியிட்டார்கள், அருளப்பன் சாருக்குப் பொன்னாடை போட்டார்கள். அக்காவுக்கு ஃபாதர் ஒரு பிரதி கொடுத்தனுப்பினார். முதல் பக்கத்தில் ‘அன்புடன்’ என்று எழுதிக் கையெழுத்து. யாருக்கு அன்புடன் என்று எழுதவில்லை. அங்கேயும் என்ன போடுவது என்று திகைத்திருப்பார்.

அக்கா அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். “அம்மாவுக்குப் புஸ்தகம் வந்தது தெரிஞ்சுபோச்சு. சண்முகவள்ளி சொல்லியிருக்கா. ‘எங்க, காட்டச் சொல்லு’ன்னு வெள்ளனே இருந்து கேட்டுக்கிட்டு இருக்காங்க” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். உள்தலைப்புப் பக்கத்தின் பழைய கோப்பு என்னிடம்தான் இருந்தது. அதைத் திறந்து அச்சுக்குக் கொடுத்தேன். ஈரத்தில் தாள் நமத்துப்போய் இரண்டுமுறை சிக்கியது. மூன்றாவதுமுறை ஒழுங்காக வந்தது. ‘தமிழில்: ஆக்ஸிலியா.’

அக்கா தாளைத் தொடவில்லை. “இது பொய்யில்லையா ஜெனி?”

“எது பொய்யிக்கா? எழுதுனது நீங்க. அந்தப் புஸ்தகத்துல இருக்குறதுதான் பொய்யி.”

அக்கா புத்தகத்தை விரித்துப் பார்த்தார். பிறகு அவர் கையாலேயே புத்தகத்தின் அந்தப் பக்கத்தைக் கிழித்தார். அச்சடித்த தாளை அளவாக நறுக்கி அந்த இடத்தில் ஒட்டினோம். உற்றுப் பார்த்தால் ஒழியத் தெரியாது. “நீயும் வா” என்றார். சின்னப்பிள்ளை பரீட்சைக்குத் துணை கூப்பிடுவதுபோல இருந்தது. மூடுபனியில் இரண்டு பேரும் நாயுடுபுரத்துக்கு நடந்தோம். வழி முழுக்க அக்கா பேசிக்கொண்டே வந்தார். சின்ன வயதில் அம்மா தன்னை எப்படிக் கூப்பிடுவாள், ‘ஸி’யை எப்படி இழுப்பாள் என்று சொல்லிக் காட்டினார். அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

கித்தேரியம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது வரை படித்தவள், செபப் புத்தகம் வாசிக்கிறவள். கண்ணாடியைப் போட்டுவிடச் சொன்னாள். என்னைத்தான் சொன்னாள். போட்டுவிட்டேன். அக்கா புத்தகத்தை விரித்து, நல்ல கை இருக்கிற பக்கமாக நீட்டினார்.

அவள் விரலை வைத்து வாசித்தாள். புத்தகத்தின் பெயரை வாசித்தாள். ‘தமிழில்’ என்று வாசித்தாள். அதற்கு அடுத்ததை எழுத்தெழுத்தாக, நிதானமாக, தெளிவாக வாசித்தாள்.

“ஆக்... ஸி... லி... யா.”

அக்கா, “அம்மா” என்றார்.

கித்தேரியம்மாள் நிமிர்ந்தாள். மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பைப் பார்க்கிறேன். கண்ணில் ஒரு கலக்கமும் இல்லை, எல்லாம் தெரிந்தே பேசினாள்.

“நல்ல பேரு. எங்க சிஸ்டருக்கும் இதே பேருதான்.”

நான் வாயைத் திறக்கும் முன் அவளே தொடர்ந்தாள். “அவங்களும் நல்லாப் படிச்சவங்க. இருந்திருந்தாங்கன்னா அவங்களும் இந்த மாதிரிப் புஸ்தகமெல்லாம் எழுதியிருப்பாங்க.” புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினாள். “நேரமாச்சு. அதக் கஞ்சி எடுத்துட்டு வரச் சொல்லு.”

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அந்தக் கிழவியின் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. உலுக்கியிருந்தால் அக்காதான் ஓடிவந்து தடுத்திருப்பார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டார். அடுப்படிக்குப் போய்க் கஞ்சியை ஆற்றி எடுத்துக்கொண்டு வந்து, அம்மாவின் மோவாய்க்குக் கீழே துண்டை வைத்து, முதல் கரண்டியை ஊட்டினார்.